செத்த கிருமியின் வடிவமும் தோல் தொழிலாளியின் காய்ச்சலும்

பாலாற்றங்கரையின் தோல் தொழில் குறித்துப் பேசும்போதெல்லாம் நம் கண்முன் வருவது குரோமியமும் உப்பும்தான். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற மதிப்பீடு அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டையும் பாலாற்றின் மீட்பையும் வலியுறுத்தி மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பை வழங்கியது.

இந்த நெடிய போராட்டத்தின் மையம் நீரும் நிலமும். அது நியாயமானதே. ஆனால், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் இந்தத் தொழில் வட்டாரத்தில், தொழிலாளர் சுவாசிக்கும் காற்றிலும் கவனிக்கப்பட வேண்டிய பொருளொன்று உண்டு. அது உலோகமன்று, நச்சு வாயுவுமன்று, உயிருள்ள கிருமியும் அன்று. செத்த பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து உதிரும் ஒரு மூலக்கூறு. அறிவியல் அதனை எண்டோடாக்சின் என்கிறது. தமிழில் அகநச்சு என்று வழங்குகிறோம். அதன் தீமை அதன் வடிவத்தில் இருக்கிறது. அந்த வடிவத்தைப் புரிந்துகொண்டால், நம் தொழிற்கூடங்களில் எதை அளக்கிறோம், எதை அளக்காமல் விடுகிறோம் என்பதும் புரியும்.

கொதித்தும் அழியாத நஞ்சு

1892-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஃபைஃபர், காலராக் கிருமிகளைச் சூடாக்கிக் கொன்ற பிறகும் அவை விலங்குகளின் உயிரைப் பறிப்பதைக் கண்டார். கிருமி உயிரோடு இருக்கும்போது சுரக்கும் நஞ்சு ஒரு வகை. அதன் உடலோடு ஒட்டியே இருந்து, அது சிதையும்போது வெளிப்படும் நஞ்சு வேறு வகை என்று அவர் உணர்ந்தார். இரண்டாம் வகைக்கே எண்டோடாக்சின் என்ற பெயர் நிலைத்தது. காய்ச்சிய நீரில் கிருமி இறந்துவிடும். இந்த நஞ்சு இறக்காது. மருத்துவமனைக் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் 121 பாகை நீராவியும் அதனை முழுமையாக அழிப்பதில்லை. 250 பாகை உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தால்தான் அது சிதைகிறது.

வேதியியலின்படி இது கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த ஒரு சேர்மம். லிப்போபாலிசாக்கரைடு என்பது அதன் பெயர். ஈ. கோலை, சால்மோனெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் வகைப் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு இதனாலேயே வேயப்பட்டிருக்கிறது. ஒரேயொரு பாக்டீரியாவின் மேல் இத்தகைய மூலக்கூறுகள் பத்து லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு மூலக்கூற்றிலும் மூன்று பகுதிகள் உண்டு. வெளியே நீண்டு தொங்கும் சர்க்கரைத் தொடர் ஒன்று. நடுவில் குறுகிய சர்க்கரைக் கரு ஒன்று. அடியில், சவ்வுக்குள் வேர்போல் ஊன்றியிருக்கும் 'லிப்பிட் ஏ' என்ற கொழுப்புப் பகுதி ஒன்று. நச்சுத்தன்மை முழுவதும் பெரும்பாலும் இந்த வேரிலேயே குடிகொண்டிருக்கிறது.

ஈ. கோலையின் லிப்பிட் ஏ-யில் இரண்டு சர்க்கரை அலகுகள், அவற்றில் இரண்டு பாஸ்பேட்டுகள், ஆறு கொழுப்பமிலச் சங்கிலிகள் உள்ளன. ஆறு சங்கிலி, இரண்டு பாஸ்பேட் என்ற இந்தக் கணக்கை மனித உடல் மிக நுட்பமாக அடையாளம் காண்கிறது. அடையாளம் காணும் பணியைச் செய்வது, நம் வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் 'டி.எல்.ஆர்.4' என்ற ஏற்பி. எலிகளில் நிகழ்த்திய ஆய்வின் மூலம் 1998-இல் இதனைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லருக்கு 2011-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இந்த ஏற்பி தனித்து இயங்குவதில்லை. 'எம்.டி.2' என்ற துணைப் புரதம் ஒரு பைபோல அதனுடன் சேர்ந்திருக்கிறது. இம்மூன்றும் இணைந்த வடிவத்தின் படிக அமைப்பு 2009-இல் வெளியானது. காலணி செய்யும் ஆம்பூருக்குப் பொருந்தும் உவமையால் சொன்னால், எம்.டி.2 ஒரு காலணி. ஆறு சங்கிலிகளில் ஐந்து அதற்குள் நன்றாக நுழைந்துவிடுகின்றன. இடமின்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆறாவது சங்கிலி, பக்கத்தில் இருக்கும் மற்றோர் ஏற்பியைத் தொட்டுப் பற்றுகிறது. இரண்டு ஏற்பிகள் இவ்வாறு கைகோத்ததும் உயிரணுவுக்குள் அபாய அறிவிப்பு எழுகிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் சுரக்கின்றன. காய்ச்சலும் நடுக்கமும் உடல்வலியும் தோன்றுகின்றன.

சங்கிலிகளின் எண்ணிக்கை குறைந்தால் இந்தக் காட்சியே மாறிவிடும். நான்கு சங்கிலிகள் மட்டும் இருந்தால் அவை காலணிக்குள் அடங்கிவிடும். மற்றோர் ஏற்பியைப் பற்ற வெளியே எதுவும் மிஞ்சாது. மனித உடல் அதனைக் கண்டும் காணாமல் இருந்துவிடும். பிளேக் கிருமி இந்த உத்தியையே கையாள்கிறது. தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் ஆறு சங்கிலிகளைக் கட்டும் அக்கிருமி, மனித உடலின் 37 பாகை வெப்பத்தில் பெரும்பாலும் நான்கோடு நிறுத்திக்கொள்கிறது. பாஸ்பேட்டுகளில் ஒன்றை நீக்கினாலும் நஞ்சின் வீரியம் பெருமளவு தணிந்துவிடும். அவ்வாறு தணிக்கப்பட்ட லிப்பிட் ஏ, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அக்கிக்கும் எதிரான சில தடுப்பூசிகளில் துணைப்பொருளாக இன்று பயன்படுகிறது. ஒரே மூலக்கூறு, சிறிய மாற்றங்களால், உயிர்கொல்லியாகவும் மறைவேடமாகவும் மருந்தாகவும் ஆகிறது.

உப்புத் தூசியிலிருந்து மூச்சுக்குழாய் வரை

இந்த மூலக்கூறு தோல் தொழிலாளியை எவ்வாறு சென்றடைகிறது? உரிக்கப்பட்ட தோலில் விலங்கின் சாணம், குருதி, மண் ஆகியவற்றோடு பாக்டீரியாக்களும் ஒட்டியிருக்கும். அழுகாமல் இருக்க உப்பிடுகிறார்கள். உப்பு பல கிருமிகளின் பெருக்கத்தைத் தடுக்கிறது. ஆனால், இறந்த கிருமிகளின் லிப்பிட் ஏ தோலிலும் உப்பிலுமே தங்கிவிடுகிறது. கிடங்கில் தோலை உதறி உப்பை அகற்றும்போது அந்தத் தூசி காற்றில் எழுகிறது. அடுத்து, தோலை நீரில் ஊறவைக்கும் கட்டம். கரைந்த புரதமும் குருதியும் கலந்த அந்த நீர் பாக்டீரியாக்களுக்கு நல்விருந்து. டிரம்கள் சுழலும்போது எழும் நுண்திவலைகள் அவற்றின் சிதைவுகளைச் சுமந்து செல்கின்றன.

அதன்பின் வரும் சுண்ணாம்புத் தொட்டியில் நிலைமை வேறு. கடுங்காரம், லிப்பிட் ஏ-யின் கொழுப்பமிலச் சங்கிலிகளில் எஸ்டர் பிணைப்பால் இணைந்தவற்றை அறுக்க வல்லது. சங்கிலி அறுந்தால் வடிவம் கெடும். வடிவம் கெட்டால் நஞ்சு தணியும். ஆகவே நாம் கூர்ந்து நோக்க வேண்டியவை சுண்ணாம்புக்கு முந்தைய கட்டங்களும், எல்லாம் முடிந்தபின் கழிவுநீர் சென்றடையும் சுத்திகரிப்பு நிலையங்களும்தான். அங்கே கழிவை உண்டு செரிப்பதற்காகவே பாக்டீரியாக்கள் வளர்க்கப்படுகின்றன. காற்றூட்டும் தொட்டிகளின் திவலைகளிலும் உலர்ந்த சேற்றின் தூசியிலும் அவற்றின் எண்டோடாக்சின் இருக்கும். கழிவுநீர்ப் பணியாளர்களிடம் காணப்படும் காய்ச்சலுக்கும் சோர்வுக்கும் இதுவே முக்கியக் காரணங்களில் ஒன்றாக உலகெங்கும் கருதப்படுகிறது.

இதன் வீரியத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. தன்னார்வலர்களிடம் நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகளில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 நானோகிராம் அளவு எண்டோடாக்சினைக் குருதியில் செலுத்தினாலே காய்ச்சல் வந்துவிடுகிறது. நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. மூச்சு வழியாகச் செல்லும்போது கூடுதல் அளவு தேவைப்படும். ஆனால் நுரையீரலின் நுண்ணறைகளில் காவல் நிற்கும் வெள்ளணுக்களிடமும் அதே ஏற்பி உண்டு.

இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பஞ்சாலைத் தொழிலாளருக்கு வரும் பைசினோசிஸ் என்ற நுரையீரல் நோய் கோவை வட்டாரத்துக்குப் புதிதன்று. வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். மாலையில் காய்ச்சல் அடிக்கும். அடுத்தடுத்த நாள்களில் தணியும். பஞ்சின் இழை மட்டும் இதற்குக் காரணமன்று. பஞ்சில் வளர்ந்த பாக்டீரியாக்களின் எண்டோடாக்சினுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. முதல் நாள் மட்டும் காய்ச்சல் வருவதற்கும் விளக்கம் உண்டு. அடுத்தடுத்துத் தாக்குதலுக்கு உள்ளாகும் வெள்ளணுக்கள் தற்காலிகமாக மரத்துப்போகின்றன. ஓய்வு நாளில் அவற்றின் உணர்வு மீள்கிறது; மீண்டும் தூசி படும்போது மீண்டும் காய்ச்சல்.

மரத்துப்போவதை 'உடம்பு பழகிவிட்டது' என்று தொழிலாளரும் மேலாளரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஷாங்காய் நகரப் பஞ்சாலைத் தொழிலாளரை 1981 முதல் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு வேறு உண்மையைச் சொன்னது. நெடுங்காலம் எண்டோடாக்சினைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் திறன் விரைவாகக் குறைந்தது; வேலையை விட்டு விலகிய பிறகு ஓரளவு மீண்டது. காய்ச்சல் நின்றுவிட்டது என்பதால் பாதிப்பும் நின்றுவிட்டது என்று கொள்ள முடியாது.

சட்டத்தின் கண்ணுக்குப் படாதது

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களை மூன்றாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. குரோமியத்தால் வரும் புண் அதில் உண்டு. விலங்குத் தோலிலிருந்து தொற்றும் ஆந்த்ராக்ஸ் உண்டு. பஞ்சாலையின் பைசினோசிஸும் உண்டு. தோல் தொழிலாளியை வாட்டும் உலோகத்தையும் உயிருள்ள கிருமியையும் சட்டம் அறிந்திருந்தது. செத்த கிருமியின் எச்சத்தை அறிந்திருக்கவில்லை. பணியிடக் காற்றில் எந்தெந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுத்த இரண்டாம் அட்டவணையிலும் எண்டோடாக்சினுக்கு இடமில்லை.

மருந்துத் துறையின் நிலையை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிரை வழியாக ஏற்றப்படும் மருந்துகளில், ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு மணி நேரத்தில் 5 எண்டோடாக்சின் அலகுகளுக்கு மேல் செல்லக் கூடாது என்பது உலகளாவிய வரம்பு. குதிரைலாட நண்டின் குருதியணுக்களிலிருந்து எடுக்கப்படும் பொருளைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். எண்டோடாக்சின் பட்டதும் அது உறைந்துவிடும். பணியிடக் காற்றுக்கும் இத்தகைய வரம்பு வகுக்க இயலாததன்று. ஒரு கனமீட்டர் காற்றில், எட்டு மணி நேரச் சராசரியாக, 90 அலகுகளுக்கு மேல் இருக்கலாகாது என்று நெதர்லாந்தின் சுகாதார மன்றம் 2010-இல் பரிந்துரைத்தது. அது ஏறத்தாழ 9 நானோகிராம். ஆனால், ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். நண்டின் குருதி எதிர்வினை காட்டும் எல்லா வடிவங்களுக்கும் மனித உடல் அதே அளவில் எதிர்வினை காட்டுவதில்லை. ஆகவே மனித வெள்ளணுக்களைக் கொண்டு செய்யும் சோதனையையும் ஆய்வாளர்கள் துணைக்கு அழைக்கிறார்கள்.

அளக்காததன் விலையைத் தருபவர் தொழிலாளி. மாலையில் குளிர்காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்கிறார். கிருமித் தொற்று என்று கருதி ஆன்டிபயாடிக் எழுதித் தரப்படுகிறது. மறுநாள் காய்ச்சல் தணிகிறது. மருந்து வேலை செய்ததாக இருவரும் நம்புகிறார்கள். உண்மையில் அது தானாகத் தணிந்திருக்கும். ஒருநாள் கூலியும், மருந்துச் செலவும், மருந்துக்கு அடங்காத கிருமிகளின் பெருக்கமுமே மிச்சம். 'என்ன வேலை செய்கிறீர்கள்? விடுமுறைக்குப் பின் முதல் நாளில்தான் இப்படி வருகிறதா?' என்ற இரண்டு கேள்விகள் இந்தச் சுழலை உடைக்கக்கூடும்.

வேலூர் டைபாய்டு சொல்லும் மறுபக்கம்

காய்ச்சல் தரும் வடிவம் மட்டுமே ஆபத்தானது என்று முடிவுகட்டினால் அதுவும் தவறாகும். வடிவத்தை மறைத்து வரும் கிருமிக்கு வேலூரே சாட்சி. 2017 முதல் 2020 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஒருங்கிணைப்பில், நாட்டின் நான்கு இடங்களில் சுமார் 24,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து டைபாய்டு ஆய்வு நடைபெற்றது. டெல்லி, கொல்கத்தா, வேலூர் ஆகிய நகர்ப்புறங்களில், ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 வரையிலான டைபாய்டு நோயாளிகள் என்ற கணக்கு 2023-இல் வெளியானது. புணே அருகிலான கிராமப்புறத்தில் அந்த எண் வெறும் 35.

டைபாய்டு கிருமியின் லிப்பிட் ஏ, மனித உடல் எளிதில் அறியக்கூடிய வகையைச் சேர்ந்தது. ஆனால் அது 'வி.ஐ.' என்ற சர்க்கரைப் போர்வையைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. போர்வைக்கு அடியில் இருக்கும் எண்டோடாக்சின் டி.எல்.ஆர்.4-இன் பார்வையிலிருந்து பெரிதும் தப்பிவிடுகிறது. போர்வையில்லாத பிற சால்மோனெல்லா வகைகள் குடலில் உடனடி அழற்சியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்குகின்றன; டைபாய்டோ ஓசையின்றி நுழைந்து, பரவி, பல நாள் கழித்தே படிப்படியாக ஏறும் காய்ச்சலாக வெளிப்படுகிறது. இந்தப் போர்வையையே இலக்காக்கி இந்தியாவில் உருவான டைபாய்டு தடுப்பூசி ஒன்று, 2017 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதியைப் பெற்றது. போர்வையற்ற பாராடைபாய்டு 'ஏ' கிருமியிடமிருந்து அது காப்பதில்லை என்பதும் வடிவத்தின் முக்கியத்துவத்தையே காட்டுகிறது.

வேலூர் வட்டாரத்தில் நன்கு அறியப்பட்ட ஸ்கரப் டைபஸ் காய்ச்சலின் கிருமியிடம் லிப்போபாலிசாக்கரைடே கிடையாது. இருந்தும் அது உயிரைப் பறிக்கும். பாய்ட்லர் ஆராய்ந்த எலிகளின் கதையும் இதுவே. ஏற்பி பழுதுபட்ட அந்த எலிகள் எண்டோடாக்சினைச் செலுத்தினால் பிழைத்துக்கொண்டன. உயிருள்ள சால்மோனெல்லா தொற்றியபோது எளிதில் மடிந்தன. நம்மைக் காய்ச்சலில் தள்ளும் அதே ஏற்பிதான் நம் காவலாளியும் ஆகும். ஆகவே அந்த ஏற்பியை மருந்தால் அடைத்துவிடுவதும் தீர்வாகவில்லை. நான்கு சங்கிலிகள் கொண்ட எரிடோரான் என்ற மருந்து, கடுமையான குருதி நச்சேற்ற நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. இறப்பு குறையவில்லை என்ற முடிவு 2013-இல் வெளியானது.

'சாணத்திலும் மண்ணிலும் புழங்கினால் உடம்பு வலுப்படும்' என்று ஒரு வாதம் எழலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. பாரம்பரியப் பண்ணை வாழ்க்கை நடத்தும் அமெரிக்காவின் ஆமிஷ் மக்களின் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் மிகுதி; அவர்களின் குழந்தைகளிடம் ஆஸ்துமா குறைவு என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதே ஆண்டு பின்லாந்து, எஸ்டோனியா, ரஷ்யக் கரேலியா குழந்தைகளை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வு, குடலில் வாழும் பாக்டீரியாவின் லிப்பிட் ஏ எந்த வடிவம் என்பதைப் பொறுத்தே நோயெதிர்ப்பின் பயிற்சி அமைகிறது என்று சுட்டியது. வளரும் குழந்தை, சிறிய அளவு, தக்க வடிவம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் கிடைக்கும் நன்மை அது. ஒரு நாளில் எட்டு மணி நேரம் மூடிய கிடங்கில் உப்புத் தூசியைச் சுவாசிக்கும் நாற்பது வயதுத் தொழிலாளிக்கு அந்த வாதத்தைப் பொருத்த முடியாது.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. உப்பு உதறும் கிடங்கு, ஊறவைக்கும் பிரிவு, கழிவுச் சேறு உலரும் களம் ஆகிய மூன்று இடங்களிலும் காற்றிலுள்ள எண்டோடாக்சினை அளப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும். தூசி மாதிரி எடுக்கும் சிறு காற்றேற்றியும் வடிதாளும் தொழிற்சாலை ஆய்வுகளில் வழக்கமாகப் பயன்படுபவையே. சோதனை முறையும் மருந்து நிறுவனங்களில் அன்றாடம் நடப்பதுதான். 1948 முதல் சென்னையில் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தொழிலையும் வேதியியலையும் ஒருசேர அறிந்தது. நுண்ணுயிரியலில் பழுத்த மருத்துவக் கல்லூரி வேலூரிலேயே இருக்கிறது. கையால் உதறுவதற்கு மாற்றாக மூடிய இயந்திரம், தூசியை எழும் இடத்திலேயே இழுக்கும் காற்றோட்டம், துணிக்குப் பதிலாகத் தரமான முகக்கவசம், ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் ஆண்டுதோறும் நுரையீரல் திறன் சோதனை ஆகியவை இத்தொழிலின் ஏற்றுமதி மதிப்புக்கு முன் பெருஞ்செலவாகா. டைபாய்டுக்குக் குழாயில் வரும் தூய நீரும் தடுப்பூசியும் வேண்டும்.

பாலாற்றின் நீரில் குரோமியம் எவ்வளவு என்று கேட்க நமக்கு ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. கிடங்கின் காற்றில் எண்டோடாக்சின் எவ்வளவு என்று கேட்பதற்கு இன்னொரு தலைமுறையின் நுரையீரல் தேய வேண்டியதில்லை.